நசுங்கிய பாதம் மீண்டும் நடக்க: தம்பியின் சீரமைப்பு அறுவை சிகிச்சையில் உடனிருந்து அறிந்தவை

பாதத்தில் ஏற்படும் பெருங்காயத்தின் உண்மையான அளவு முதல் நாளில் தெரிவதில்லை. கனரக வாகனத்தின் சக்கரம் ஏறி இறங்கும்போது அது தோலை ஒரு பக்கமாக இழுத்து, அடியிலுள்ள தசையிலிருந்தும் எலும்பிலிருந்தும் பிரித்துவிடுகிறது. தோலுக்கு உயிர் கொடுக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அப்போதே அறுந்துபோகின்றன. ஆனாலும் தோல் கிழியாமல் கிடப்பதால் பார்ப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். சில நாட்களில் அதே தோல் கருத்து இறந்துவிடும். என் தம்பிக்கு இதுதான் நடந்தது. கரூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு இரு சக்கர வாகனத்தில் வந்துகொண்டிருந்தவனை ஒரு லாரி உரசித் தள்ளியதில் அதன் பின்சக்கரம் அவனுடைய வலது பாதத்தின் மேல் ஏறியது. குதிகாலின் தோலும் அதன் அடியிலிருந்த கொழுப்புத் திண்டும் பெயர்ந்து, உடைந்த எலும்பு வெளியே தெரிந்தது. பாதத்தின் மேற்புறம் அன்று நன்றாகவே இருந்தது, பிறகுதான் கருத்தது.

நான் பள்ளி ஆசிரியை. மருத்துவம் படித்தவள் அல்லள். ஆனால் அவன் படுக்கையருகே இருந்து ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்தவள் என்ற முறையில், இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் முதன்மையானது இது: புண்ணை மூடுவது சிகிச்சையின் பாதிதான். மூடிய பாதம் உடலின் எடையைத் தாங்க வேண்டும், செருப்புக்குள் நுழைய வேண்டும், ஆண்டுக்கணக்கில் மறுபடி புண்ணாகாமல் இருக்க வேண்டும். மருத்துவர் ஒரு வழியைச் சொல்லும்போது, “இப்படிச் செய்தால் ஓராண்டு கழித்து இவன் எப்படி நடப்பான்?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு அந்தக் கேள்விதான் கடைசிவரை வழிகாட்டியாக இருந்தது.

விபத்து நடந்த இடத்தில் கூடியவர்கள் நல்ல மனத்தோடு பக்கத்து டீக்கடையிலிருந்து காப்பித்தூளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். 108 ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் அதைத் தடுத்து, சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கட்டினார். காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் எதையும் திறந்த காயத்தில் போடக் கூடாது; போட்ட ஒவ்வொரு துகளையும் அறுவை அரங்கில் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தொங்கிக்கொண்டிருக்கும் தோலை யாரும் வெட்டிவிடக் கூடாது. முற்றிலும் பிய்ந்து விழுந்த தோலையோ விரலையோகூட எறிந்துவிடாமல், ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டிக்கு மேல் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். பனிக்கட்டி நேரடியாக அதில் படக் கூடாது. பெயர்ந்த தோலின் அடிக்கொழுப்பை நீக்கிவிட்டு அதையே திரும்ப ஒட்டுவதற்குச் சில நேரங்களில் வாய்ப்புண்டு. இவற்றோடு, நோய்க்கிருமியைத் தடுக்கும் ஆன்டிபயாடிக் ஊசி முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளும், டெட்டனஸ் ஊசி அன்றைக்கே கட்டாயமாகவும் போடப்பட வேண்டும். முதலில் பார்த்த மருத்துவர் காயத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கட்டிவிட்டார். அடுத்தடுத்து வந்தவர்கள் கட்டைப் பிரிக்காமல் அந்தப் படத்தையே பார்த்தார்கள். கட்டு பிரிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கிருமி நுழைய வழி உண்டாகிறது என்பதால் இந்தச் சிறு செயலை நான் மிகவும் மதிக்கிறேன்.

நாங்கள் முதலில் சேர்த்த மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் இருந்தார். காயத்தைக் கழுவி, உடைந்த எலும்புகளை வெளியிலிருந்து கம்பி பொருத்தி நிறுத்தினார். அது சரியான முதலுதவி. ஆனால் அங்கே பிளாஸ்டிக் சர்ஜன் இல்லை என்பதும், தோலும் சதையும் போன பாதத்துக்கு அவர்தான் வேண்டும் என்பதும் எங்களுக்கு யாரும் சொல்லாமல் தெரிந்திருக்க முடியாது. பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் முகத்தை அழகுபடுத்துவது என்றே எங்கள் வீட்டில் நினைத்திருந்தோம். எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து திட்டமிட்டால்தான் கம்பி பொருத்தும் இடம்கூடச் சரியாக அமையும். இல்லையேல் பின்னால் சதையை நகர்த்திக் கொண்டுவர வேண்டிய பாதையிலேயே கம்பி குறுக்கே நிற்கும். ஆகவே மருத்துவமனையில் சேர்த்தவுடன், “இங்கே பிளாஸ்டிக் சர்ஜன் இருக்கிறாரா? நுண்ணோக்கியின் கீழ் இரத்தக் குழாய்களை இணைக்கும் நுண் அறுவை சிகிச்சை செய்யும் வசதி இருக்கிறதா? இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்?” என்று அன்றைக்கே கேளுங்கள். தமிழ்நாட்டில் சென்னை ஸ்டான்லி உள்ளிட்ட பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இத்துறை இருக்கிறது. காலம் ஏன் முக்கியம் என்பதற்கு, மார்கோ கோடினா என்ற ஸ்லோவேனிய அறுவை மருத்துவர் 1986இல் வெளியிட்ட ஆய்வை எங்கள் மருத்துவர் எடுத்துச் சொன்னார். காயம் பட்ட 72 மணி நேரத்துக்குள் சதை வைத்து மூடப்பட்டவர்களுக்குத் தோல்வியும் எலும்பில் சீழ் பிடிப்பதும் மிகக் குறைவாக இருந்ததை அது காட்டியது. எல்லோருக்கும் அது முடிவதில்லை. ஆனால் காரணமில்லாமல் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு மாற்றிய பிறகு எங்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி, காலைக் காப்பாற்ற முயல்வதா, கணுக்காலுக்கு மேல் எடுத்துவிடுவதா என்பது. இதைக் கேட்டவுடன் என் அம்மா மருத்துவர் மீது கோபப்பட்டார். நான் கோபப்படவில்லை, இன்றும் அது நேர்மையான கேள்வி என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் கால் பறிபோகும் அளவுக்கு அடிபட்ட 569 பேரைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், காலைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டவர்களும் இரண்டாண்டு முடிவில் அன்றாட வாழ்வில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். காப்பாற்றிக்கொண்டவர்கள் மறுபடி மறுபடி மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. எனவே கால் போனால் வாழ்க்கையே போய்விட்டது என்று எண்ணுவதும், எப்பாடுபட்டேனும் காலைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று நிற்பதும் நோயாளிக்கு நன்மை செய்வதில்லை. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறிந்து திறந்த காயமாக வருபவர்களுக்கென்று கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறை ஒன்று உண்டு. தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்துக்கும் நோயாளியின் பொது உடல்நிலைக்கும் மதிப்பெண் இட்டு, 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் காப்பாற்றலாம், 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பதே நல்லது, நடுவிலிருப்பவர்களை அனுபவத்தால் முடிவு செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. பாதக் காயத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாதென்றாலும், இத்தகைய முடிவு உணர்ச்சியால் எடுக்கப்படுவதன்று என்பதை அது எங்களுக்குப் புரியவைத்தது.

தம்பிக்கு உள்ளங்காலில் தொடுவுணர்வு இல்லை. அதையே காலை எடுப்பதற்கான காரணமாகச் சில உறவினர்கள் சொன்னார்கள். மருத்துவரோ, நரம்பு அறுந்திருப்பது வேறு, அடிபட்டு மரத்திருப்பது வேறு என்றும், முதல் நாளில் உணர்வில்லாத பாதங்களில் பாதிக்கு மேல் பின்னர் உணர்வு திரும்பியதை மேற்சொன்ன அமெரிக்க ஆய்வுக்குழுவினரே கண்டிருக்கிறார்கள் என்றும் விளக்கினார். அவனுக்கு வயது குறைவு, சர்க்கரை நோய் இல்லை, கணுக்காலின் உட்புறம் இறங்கும் பெரிய இரத்தக் குழாய் நன்றாக ஓடுவதை சி.டி. ஆஞ்சியோகிராம் காட்டியது. இந்த மூன்றையும் வைத்துக் காப்பாற்றுவது என்று முடிவாயிற்று. கையெழுத்துப் போட்டது அவன்தான். நினைவோடு இருக்கும் நோயாளியை வெளியே வைத்துக் குடும்பத்தார் கூடி இந்த முடிவை எடுப்பது சரியன்று.

அடுத்த கட்டம் பொறுமையைச் சோதிப்பது. இறந்த தோலையும் தசையையும் வெட்டி நீக்கி, லிட்டர் கணக்கில் உப்புநீர் விட்டுக் கழுவுவது ஒருமுறையோடு முடிவதில்லை. ஒன்றிரண்டு நாள் இடைவெளியில், புண் முழுவதும் உயிருள்ள சிவப்பாகும் வரை, மீண்டும் மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு முறையும் புண் முன்பைவிடப் பெரிதாகவே வெளியே வரும். “இருந்ததையும் வெட்டிவிட்டார்களே” என்று அம்மா அழுதார். கருத்த திசுவை விட்டுவைத்து அதன் மேல் சதை வைத்தால் அடியில் சீழ் பிடித்து எல்லாமே போய்விடும் என்பதை அவருக்குப் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

இடைப்பட்ட நாட்களில் காயத்தின் மேல் பஞ்சு போன்ற நுரையை வைத்து, ஒட்டும் தாளால் மூடி, இயந்திரத்தால் நீரை உறிஞ்சும் வேக் டிரெஸ்ஸிங் வைத்தார்கள். பெரும்பாலும் 125 மி.மீ. பாதரச அளவு உறிஞ்சலில் அது ஓடும்; இரண்டு மூன்று நாளுக்கொருமுறை நுரையை மாற்றுவார்கள். உடனிருப்பவர் கவனிக்க வேண்டியது, நுரை சுருங்கி இறுகிய நிலையிலேயே இருக்கிறதா என்பது. அது உப்பித் தளர்ந்திருந்தால் எங்கோ காற்று கசிகிறது. மின்தடையாலோ வேறு காரணத்தாலோ இயந்திரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால் அந்த டிரெஸ்ஸிங்கை எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டுப் போட வேண்டும். எனவே நின்ற நேரத்தைக் குறித்துவைத்து உடனே சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும். குழாயில் திடீரென்று புது இரத்தம் ஓடினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பிறகு மூடும் அறுவை. எலும்போ, உறையிழந்த தசைநாரோ வெறுமையாகத் தெரியும் இடத்தில் தொடையிலிருந்து சீவி எடுக்கும் மெல்லிய தோலை ஒட்டினால் அது பிடிக்காது. அடியிலிருந்து இரத்தம் வந்தால்தான் ஒட்டுத்தோல் பிழைக்கும். அத்தகைய இடத்துக்குத் தன் இரத்தக் குழாயோடு சேர்ந்த தோலும் கொழுப்பும், சில நேரங்களில் தசையும் வேண்டும். அதைத்தான் ஃபிளாப் என்கிறார்கள். குதிகாலுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. இயல்பான குதிகாலின் கொழுப்பு தேனடை போல் சிறு சிறு நார் அறைகளுக்குள் அடைக்கப்பட்டு எலும்போடு கட்டப்பட்டிருப்பதால் மிதிக்கும்போது நழுவுவதில்லை. உடலில் வேறெங்கிருந்து எடுத்து வைத்தாலும் அந்த அமைப்பு வராது. உள்ளங்காலின் நடுக்குழியிலிருந்து எடுக்கும் தோல் ஓரளவு நெருங்கிவரும், ஆனால் அது சிறிய காயத்துக்கே போதும். கெண்டைக்காலின் பின்புறத் தோலை, இரத்தக் குழாய் ஓடும் காம்பை அறுக்காமல், அப்படியே திருப்பிக் கீழே கொண்டுவருவது நம் நாட்டில் பரவலாகச் செய்யப்படுவது. அதற்கு நுண்ணோக்கி தேவையில்லை, நேரமும் குறைவு. தம்பிக்குக் கெண்டைக்காலிலும் அடி இருந்ததால் இடது தொடையின் வெளிப்புறத்திலிருந்து தோலை இரத்தக் குழாயோடு தனியே எடுத்து, கணுக்கால் அருகே உள்ள குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் இணைத்தார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய்களைத் தலைமுடியைவிட மெல்லிய இழையால் தைக்கும் வேலை அது. காலையில் உள்ளே போனவனை இருட்டிய பிறகே வெளியே கொண்டுவந்தார்கள். பாதத்தின் மேற்புறத்துக்கு ஒட்டுத்தோலே போதுமானதாக இருந்தது.

ஃபிளாப் வைத்த பின் முதல் இரண்டு மூன்று நாட்கள் எல்லாவற்றிலும் நெருக்கடியானவை. சிஸ்டர்கள் மணிக்கொரு முறை வந்து, அதன் நிறம், சூடு, விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து எவ்வளவு நேரத்தில் பழைய நிறம் திரும்புகிறது என்பவற்றைப் பார்த்து, சிறு டாப்ளர் கருவியை வைத்து இரத்தம் ஓடும் ஓசையைக் கேட்டு எழுதுவார்கள். வெளுத்துக் குளிர்ந்தால் உள்ளே வரும் குழாய் அடைபட்டிருக்கிறது. நீலம் பாய்ந்து உப்பினால் வெளியே போகும் குழாய் அடைபட்டிருக்கிறது. இரண்டாம் நாள் இரவு அது நாவல்பழ நிறத்துக்கு மாறத் தொடங்கியதைப் பணியிலிருந்த இளம் சிஸ்டர் கண்டார். ஊசியால் மெல்லக் குத்தியதும் கரிய இரத்தம் வேகமாக வெளிவந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அந்த நேரத்திலேயே மருத்துவரை எழுப்பினார்; ஒரு மணி நேரத்துக்குள் அறுவை அரங்கில் சிரையிலிருந்த இரத்தக்கட்டியை எடுத்து மீண்டும் தைத்தார்கள். அந்த ஃபிளாப் இன்று உயிரோடிருப்பது அந்தப் பெண்ணின் கண்ணாலும் துணிவாலும்தான். உடனிருப்பவர் செய்யக்கூடியது, விளக்கை அணைக்காமல் நிறம் தெரியும்படி வைப்பது, அறை குளிராமல் பார்த்துக்கொள்வது, கட்டு இறுகியிருந்தால் சொல்வது, ஃபிளாப் வைத்த குதிகாலில் தலையணையோ மெத்தையோ படாமல் காப்பது. எங்களுக்கு வெளிக்கம்பியோடு இன்னொரு வளைவைப் பொருத்தி, குதிகால் படுக்கையில் படாமல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். புகையிலையை எந்த வடிவிலும் அண்டவிடக் கூடாது. நிக்கோட்டின் குழாய்களைச் சுருக்கிவிடும். வெளியே போய் பீடி பிடித்துவிட்டு வந்து படுக்கையருகே நின்ற உறவினரிடம், கைகூப்பி, வார்டுக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஒட்டுத்தோல் சீவி எடுத்த தொடையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடமே அதிகம் எரியும். தரையில் உரசி மேல்தோல் போன காயம் எப்படி எரியுமோ அப்படி. அதன் மேல் வைத்த கட்டு, கசிந்த நீர் காய்ந்து, பலகையாகி, மெல்லிய வாடையோடு தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்துக் கழுவிவிடலாம் என்று தோன்றும், பிரிக்கக் கூடாது. இரண்டு வாரம் போல விட்டால் அடியில் தோல் வளர்ந்து அதுவே ஓரத்திலிருந்து உரிந்துவரும், உரிந்த அளவை மட்டும் கத்தரித்துவிட வேண்டும். சீழ் வடிந்தாலோ கடும் நாற்றமடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் மருத்துவர் பிரிப்பார். ஆறிய பின் அந்த இடத்துக்கும் ஒட்டுத்தோலுக்கும் நாள்தோறும் தேங்காயெண்ணெய் தடவுவது வறட்சியையும் அரிப்பையும் குறைத்தது.

உணவைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர், முட்டையும் மீனும் பருப்பும் கத்தரிக்காயும் கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும் என்று சொல்லி, கஞ்சியும் ரசமும் போதும் என்றார்கள். இவ்வளவு பெரிய புண்ணிலிருந்து நாள்தோறும் புரதம் கசிந்து வெளியேறுகிறது. அதைத் திருப்பிக் கொடுக்காமல் பத்தியம் வைத்தால் ஃபிளாப்பின் ஓரம் ஒட்டாது, ஒட்டுத்தோல் பிடிக்காது. மருத்துவமனை உணவியலாளர் சொன்னபடி முட்டை, மீன், பயறு, பால், நெல்லிக்காய், கொய்யா எல்லாம் கொடுத்தோம். பத்தியம் சொல்லும் பெரியவர்களைப் புண்படுத்தாமல், “டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார், பெரியம்மா” என்று சொல்லிவிடலாம்.

காலைத் தொங்கவிடும் பயிற்சி ஏறக்குறைய முதல் வார முடிவில் தொடங்கியது. அதுவரை உயரத்திலேயே இருந்த காலைக் கட்டிலிலிருந்து கீழே விட்டவுடன் இரத்தம் இறங்கி ஃபிளாப் கருஞ்சிவப்பாகும். அதற்குப் பழக்குவதற்காக மீள்துணிக் கட்டுப் போட்டு, முதலில் ஐந்து நிமிடம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மேலே தூக்கியதும் சில நிமிடத்தில் நிறம் திரும்பினால் நல்லது. எடை வைத்து ஊன்றுவது எலும்பு கூடுவதைப் பொறுத்தது; அதை எக்ஸ்ரே பார்த்து எலும்பு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதற்கிடையில் கணுக்கால் மடங்காமல் விறைத்துப்போவதும், முன்பாதம் கீழ்நோக்கி இறங்கி நின்றுவிடுவதும் எளிதில் நடக்கும். கணுக்காலைச் செங்கோணத்தில் நிறுத்தும் தாங்கியும், விரல் அசைக்கும் பயிற்சியும், பிசியோதெரபிஸ்ட்டின் வருகையும் அறுவைக்கு இணையான முக்கியத்துவம் உடையவை.

வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குவதுதான் நீண்ட பகுதி. புதிய குதிகாலுக்கு வலி தெரியாது, சூடு தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. 1940களின் பிற்பகுதியிலிருந்து வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கை கால்களைச் சீரமைத்த பால் பிராண்ட் கண்டறிந்து உலகுக்குச் சொன்னது, விரல்களும் பாதங்களும் பெரும்பாலும் உணர்வில்லாததால் ஏற்படும் காயங்களாலேயே அழிகின்றன என்பதைத்தான். அவருடைய பணியிலிருந்து பரவிய எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற நுண்ணறை ரப்பர்ச் செருப்புதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் என் தம்பிக்கும் துணை. வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறான். ரப்பர் ஒரு இடத்தில் அமுங்கித் தட்டையானால் உடனே மாற்ற வேண்டும். இரவு படுக்கும் முன் தரையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறான். செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே அணிகிறான். மதிய வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நடப்பதை விட்டுவிட்டு, அதிகாலையில் கனத்த காலுறையோடு போகிறான். வெந்நீரில் கால் வைக்கும் முன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும்.

கவனம் வேண்டிய இடம், ஃபிளாப்பும் பழைய உள்ளங்காலும் சேரும் விளிம்பு. இரண்டும் வெவ்வேறு தடிமனும் வெவ்வேறு அசைவும் உடையவை என்பதால் அங்கேதான் முதலில் காய்ப்பு ஏறும், பிறகு வெடிக்கும், பிறகு புண்ணாகும். காய்ப்பைப் பிளேடால் வீட்டில் சீவக் கூடாது. பாத நோய்ப் பிரிவில் சீவித் தருவார்கள். தொடைத்தோல் கொழுப்போடு வந்திருப்பதால் குதிகால் பருத்துத் தெரியும், எடை கூடினால் அதுவும் கூடும். ஆறு மாதத்துக்குப் பின் அந்தக் கொழுப்பைக் குறைக்கும் சிறு அறுவை செய்துகொண்டால்தான் கடையில் வாங்கும் செருப்பு நுழையும். தம்பிக்கு அது ஒருமுறை முடிந்துவிட்டது.

செலவு பற்றிச் சுருக்கமாக. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அட்டை எதுவும் கேட்காமல் இலவசமாக வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் அது செல்லும். அதன் பிறகான செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. விபத்துப் பதிவேட்டின் நகல், முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, ஒவ்வொரு அறுவைக்குமான குறிப்பு, கட்டணச் சீட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். மோட்டார் வாகன இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் கூறுகிறது. சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்காமல், உடனே வழக்கறிஞரைப் பார்த்து மனுவைப் போட்டுவிட வேண்டும். பின்னால் செய்ய வேண்டியிருக்கும் கொழுப்புக் குறைப்பு அறுவையையும், தொடர்ந்து வாங்க வேண்டிய சிறப்புச் செருப்பையும் எதிர்காலச் செலவாக மருத்துவரிடம் எழுதி வாங்கி மனுவோடு சேர்க்கலாம். பல குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிடுவது இந்தத் தொகையைத்தான்.